எலிசா சட்டி

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் ஜேம்ஸ் அண்ணன் அவர்களே, பழவேற்காடு கடைத்தெருவில் தகரப் பட்டறை நடத்திவரும் ரங்கன் அவர்களே, அனுப்பம்பட்டிலிருந்து ரயிலேறி, பஸ்ஸேறி, கடைசியில் படகும் ஏறி வந்திருக்கும் உறவினர்களே, ஏரியிலிருந்து கரையேறி ஈரச் சேலையோடு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும் என் இறால் பிடிக்கும் சகோதரிகளே, முன்வரிசையில் தாயின் படத்தைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் மகள் ஜெஸ்ஸி அவர்களே! உங்கள் அனைவருக்கும் பசியாவரம் பெண்கள் சங்கத்தின் செயலாளர் குணசுந்தரியின் வணக்கம்.

நான் மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காகவே ஒருத்தி எப்போதும் எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காருவாள். பேச்சு கொஞ்சம் நீண்டால் போதும், என் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் இழுத்திருக்கிறாள், பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் இழுத்திருக்கிறாள். இன்று அந்த நாற்காலியில் யாரும் இல்லை. ஆகவே இன்றைய பேச்சு நீளும், நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம்மை விட்டுப் பிரிந்திருக்கும் எலிசபெத் அம்மையார் யார்? ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடித்தவர். பேரப்பிள்ளைகளைப் பார்த்த பிறகு பட்டறைக்குப் போய்த் தகரம் தட்டக் கற்றுக்கொண்டவர். போன செவ்வாய்க்கிழமை மதியம் பட்டறையிலிருந்து வந்து, வயிறாரச் சாப்பிட்டு, காற்று நன்றாக வருகிறது என்று சொல்லி வாசலில் பாய் விரித்துப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. ஒரு நாள் படுக்கையில் கிடக்கவில்லை, ஒருவருக்கும் தொல்லை கொடுக்கவில்லை. இப்படிப் போகக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஊரே சொல்கிறது. நானும் அதைத்தான் சொல்கிறேன். அழுகை வந்தாலும் சொல்கிறேன்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுக்கு வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு, சில நேரம் கழுத்தளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடிக்கிறோம். தண்ணீர் கலங்கி இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கைதான் பார்க்க வேண்டும். பிடித்த இறாலை எங்கே போடுவது? பனையோலையில் முடைந்த பறி என்ற சின்னக் கூடை உண்டு. இரண்டு கைகளும் சேற்றில் இருக்கும்போது அந்தப் பறியை எங்கே வைப்பது? வாயில். ஆமாம், பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு காலையிலிருந்து மதியம் வரை தண்ணீரில் கிடந்தோம். கூடை நிறைய நிறையத் தாடை இறங்கும். கரைக்கு வந்தால் வாயைத் திறந்து ஒரு வாய்ச் சோறு வைக்க முடியாது. எலிசபெத்துக்கு முன்பல் போனது வயதால் அல்ல, பறியால்!

ஆனால் அவர் பட்டறைக்குப் போனது தன் பல்லுக்காக இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஜெஸ்ஸி, உன்னைச் சபையில் வைத்துச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்தப் பெண் மாதா கோயிலில் பாடினால் அக்கரைக்குக் கேட்கும். நான் கோயிலுக்குப் போகிறவள் இல்லை. ஆனாலும் கிறிஸ்துமஸ் இரவில் இவள் பாட்டுக்காகவே போய்ப் பின்னால் நிற்பேன். கல்யாணம் ஆகி, வீட்டுக்காரருக்கு முதுகில் அடிபட்டு, இவளும் பறியைக் கடித்துக்கொண்டு ஏரியில் இறங்கினாள். அந்த வருடக் கிறிஸ்துமஸில் பாட்டுக்குழுவின் நடுவில் நின்றாள். பாட்டு மேலே ஏறும் இடத்தில் வாய் திறக்கவில்லை. தாடை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் பாட, இவள் உதட்டை மட்டும் அசைத்தாள்.

ஊருக்கு அது தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரிந்தது. எலிசபெத் அன்று பின்னால் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு பேச்சுதான் பேசினார். "என் பல்லு போனது போவட்டும் குணா. அவ வாய நான் ஏரிக்குக் குடுக்கமாட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் எதைத்தான் முயலவில்லை? பிளாஸ்டிக் கேனை வெட்டி இடுப்பில் கட்டி மிதக்கவிட்டோம், காற்றடித்ததும் கவிழ்ந்து, பிடித்த இறால் எல்லாம் எங்களுக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனது. தெர்மாகோலைக் கட்டினோம், அது உதிர்ந்து இறாலெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. சைக்கிள் டியூபைக் கட்டினோம், சிப்பி கிழித்துவிட்டது. கடைசியில் எலிசபெத் என்னைக் கூட்டிக்கொண்டு ரங்கன் பட்டறைக்குப் போனார். நான் எதற்குப் போனேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பட்டறைக்கு எதிர்க் கடையில் மசால்வடை நன்றாக இருக்கும்.

ரங்கன் புனல் செய்வார், வாளி செய்வார், மீன் தட்டு செய்வார். மிதக்கிற சட்டி ஒன்று வேண்டும் என்று எலிசபெத் கேட்டார். செய்து கொடுத்தார். சாய்கிறது என்று இவர் திருப்பிக் கொண்டுபோனார். மாற்றிக் கொடுத்தார். விளிம்பு கையைக் கிழிக்கிறது என்று மறுபடியும் கொண்டுபோனார். ரங்கன் எவ்வளவுதான் பொறுப்பார்? "பெரிய பேஜாரா பூட்ச்சிம்மா உன்னோட. நீயே வந்து தட்டிக்க" என்றார். அது கோபத்தில் சொன்னது. ஆனால் எலிசபெத் அம்மையாரிடம் கோபத்தில் ஒரு வார்த்தை விடக்கூடாது. மறுநாள் ரங்கன் கடையைத் திறக்க வந்தபோது வாசலில் இவர் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான், வடைக்காக.

சகோதர சகோதரிகளே, தகரத்தைக் கையால் வளைத்து ஒரு சட்டியாக்குவது பார்க்க எளிதாக இருக்கும். மணல் மூட்டை ஒன்று, அதன்மேல் வட்டமாக வெட்டிய தகடு, கையில் மரச் சுத்தியல். நடுவில் ஓங்கி அடித்தால் குழிந்துவிடும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். எலிசபெத் ஓங்கி அடித்தார். குழியவில்லை, கிழிந்தது. நான் அடித்தேன். அதை என்ன பாத்திரம் என்று சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ரங்கன் அதைக் கூரையில் ஒழுகுகிற இடத்தில் சொருகிவிட்டார், இப்போதும் இருக்கிறது. பிறகு சொன்னார்: "நடுவுல அடிக்காதம்மா. ஓரத்துலேந்து சுத்திச் சுத்தி உள்ள வா. அதுக்கு வலிக்காத மாதிரி தட்டு."

இரண்டாவது வாரமோ, மூன்றாவது வாரமோ, ஈயம் வைத்துப் பற்றவைக்கிற வேலையை ரங்கன் காட்டிக் கொடுத்தார். ஒரு கையில் சூடேற்றிய இரும்பு, ஒரு கையில் தகடு. ரங்கன் யாரோ வாடிக்கையாளரிடம் பேசிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார், எலிசபெத் ஈயக் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு மும்முரமாக வேலை செய்கிறார்! பட்டறையே அதிரும்படி ரங்கன் கத்தினார். "அம்மா, அது ஈயம்மா. வெசம். துப்பு மொதல்ல!"

எலிசபெத் நிதானமாக எடுத்துத் துடைத்தார். "கை ரெண்டும் வேலையா கீது. பின்ன எங்க வைக்கிறதாம்?" என்று கேட்டார்.

அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. கை இரண்டும் வேலையில் இருந்தால் மிச்சத்தை வாயில் வைப்பதுதான் அவருக்கு வழக்கம். எனக்கும் வழக்கம். நானும் அந்த நேரத்தில் வாயில் ஆணி வைத்திருந்தேன், ரங்கன் கத்திய கத்தலில் விழுங்காமல் தப்பித்தேன். அப்போதுதான் ரங்கன் இந்தச் சட்டி எதற்கு என்று கேட்டார். அதுவரை மிதக்கிற சட்டி வேண்டும் என்றோமே தவிர, ஏன் என்று நாங்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பறியைப் பற்றி எலிசபெத் சொன்னார். ஜெஸ்ஸியின் தாடையைப் பற்றியும் சொன்னார். ரங்கன் சுவரில், எலிசபெத்தின் தோள் உயரத்துக்கு ஒரு ஆணி அடித்து, அதில் கம்பி வளையம் ஒன்றை மாட்டினார். "உனக்கு இன்னா வேணுமோ இதுல மாட்டிக்க. வாயில மட்டும் எதையும் வைக்காத" என்றார். அன்றைக்கு வந்த வாளி வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அவரும் எங்களோடு உட்கார்ந்தார். ரங்கன் அவர்களே, அந்த ஆணிக்காக இந்தச் சங்கம் உங்களுக்கு என்றும் நன்றி சொல்லும்!

எலிசபெத்தின் கைவேலைக்கு ஒரு தனி வழி இருந்தது. நாமெல்லாம் சுத்தியல் விழுகிற இடத்தைப் பார்ப்போம். அவர் தெருவைப் பார்ப்பார். யார் எந்தப் புடவையில் போகிறாள், எந்தக் கூடையில் என்ன மீன் போகிறது என்று எல்லாம் பார்ப்பார். வலதுகை தட்டிக்கொண்டே இருக்கும், இடதுகை தகட்டுக்கு அடியில் தடவிக்கொண்டே இருக்கும். கண் எங்கே இருக்கிறது என்று ரங்கன் ஒரு நாள் கேட்டார். கலங்கல் தண்ணீரில் கண்ணை வைத்து என்ன கண்டேன், கைக்குத் தெரிகிறது, அது போதும் என்றார் எலிசபெத். ரங்கன் தகட்டைத் திருப்பித் தடவிப் பார்த்தார். மேடு இல்லை, பள்ளம் இல்லை. சேற்றில் இறால் இருக்கும் குழியைத் தேடிய விரல் அல்லவா அது!

ஆனால் சட்டி அழகாக வந்துவிட்டால் போதுமா? எலிசபெத் தட்டிய முதல் சட்டி ஏரியில் நன்றாகவே மிதந்தது. கவிழவில்லை, சாயவில்லை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வெயில் ஏற ஏறத் தகரம் சூடானது. கரைக்கு வந்து பார்த்தால் இறாலெல்லாம் செத்து, நிறம் மாறிக் கிடக்கிறது. வியாபாரி எட்டிப் பார்த்துவிட்டு, மசாலா மட்டும்தான் பாக்கி என்றான். அன்று எங்கள் இரண்டு வீட்டிலும் இறால் வறுவல்.

பறியில் இறால் உயிரோடு இருந்ததே, ஏன்? ஓலை இடுக்கில் தண்ணீர் போய் வந்தது. அப்படியென்றால் சட்டியின் அடியில் துளை போட வேண்டும். துளை போட்டால் முழுகிவிடும். துளை இல்லாவிட்டால் இறால் சாகும், துளை இருந்தால் சட்டி முழுகும். இதற்கு என்ன செய்வது? பல நாள் எலிசபெத் சாப்பாட்டில் கைவைத்துக்கொண்டு இதையே சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் அடுத்த கிறிஸ்துமஸும் வந்து போனது. ஜெஸ்ஸி பாட்டுக்குழுவில் நிற்கவே இல்லை.

ஒரு நாள் மீன் கூடையைத் தலையில் வைத்துக் கடைத்தெருவுக்கு வந்தோம். பட்டறையில் கூடையை இறக்கிவைத்த எலிசபெத், தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து மேசைமேல் போட்டார். துணியை வளையமாகச் சுருட்டி வைத்திருப்போமே, அந்தச் சும்மாடு. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துளை போட்டுக் கிடந்த ஒரு சட்டியை எடுத்து அதன் நடுவில் வைத்தார். சட்டியின் அடிப்பாகம் கீழே இறங்கி, விளிம்பு சும்மாட்டின்மேல் உட்கார்ந்தது. "இந்தச் சும்மாட்ட தகரத்துல அடி ரங்கா. உள்ள ஒண்ணும் இல்லாம, காத்து மட்டும் இருக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டு ஒரு நொடி யோசித்து, "வேணாம், நானே அடிக்கிறேன்" என்றார்.

உள்ளே காற்று மட்டும் இருக்கிற தகரச் சும்மாடு! அது மிதக்கும், துளை போட்ட சட்டி அதன் நடுவில் தண்ணீருக்குள் தொங்கும், இறாலும் சாகாது, சட்டியும் முழுகாது. அதை அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். நீளத் தகட்டை முதலில் வாய்க்கால் போலக் குழிக்க வேண்டும். பிறகு அந்த வாய்க்காலை வட்டமாக வளைக்க வேண்டும். வெளிப்பக்கம் தகடு நீள வேண்டும், உட்பக்கம் சுருங்க வேண்டும். நீள்வதைத் தட்டித் தட்டி நீட்டிவிடலாம். சுருங்குவதுதான் சண்டித்தனம் செய்யும். பாவாடைக்குக் கொசுவம் வைத்தது போல மடிப்பு மடிப்பாக எழும்பும். அவசரப்பட்டு அடித்தால் மடிப்பு மடிந்து விரிசல் விடும். ஒவ்வொரு மடிப்பாக, நுனியிலிருந்து, மெல்ல உள்ளே தட்டித் தகட்டுக்குள்ளேயே அடக்க வேண்டும். எத்தனை வளையம் விரிசல் விட்டது என்று கேட்காதீர்கள். பட்டறைப் பின்பக்கம் குவிந்து கிடந்தது, நானும் என் பங்குக்குக் குவித்தேன். எலிசபெத் ஒரு நாளும் அதைப் பார்த்து உச்சுக்கொட்டவில்லை. அடுத்த தகட்டை எடுப்பார், தெருவைப் பார்ப்பார், இடதுகையை அடியில் வைப்பார்.

ஒரு நாள் மடிப்பெல்லாம் அடங்கியது. மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேர்த்துப் பற்றவைத்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினோம். ஒரு குமிழி வந்தது. எடுத்து அடைத்தோம். மறுபடி அமுக்கினோம். மூவரும் தொட்டிக்குள் தலையை விட்டுக் காத்திருந்தோம். குமிழி வரவில்லை. ரங்கன் எதிர்க் கடைக்காரரைக் கூப்பிட்டு வடை சொன்னார், காசு அவருடையது. அதை நான் இந்த அவையில் பதிவு செய்கிறேன்.

மறுநாள் ஏரியில் இறங்கினோம். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கயிற்றை இடுப்பில் கட்டியிருந்தோம். நாங்கள் போகிற பக்கமெல்லாம் சட்டி கன்றுக்குட்டி போலப் பின்னால் வந்தது. இறால் உள்ளே துள்ளிக்கொண்டிருந்தது. வாய் சும்மா இருந்தது. ஆனால் பாருங்கள், வெகுநேரம் நாங்கள் இருவருமே வாயைத் திறக்கவில்லை! இத்தனை வருடம் தண்ணீரில் இறங்கினால் வாயை மூடியே பழகியவர்கள், பேசலாம் என்றே தோன்றவில்லை. கூப்பிட வேண்டுமென்றால் உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டுவோம், அதுதான் எங்கள் பேச்சு.

அப்போது எலிசபெத் தலையைத் திருப்பி, பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருப்பவளைக் கேட்பது போலக் கேட்டார். "குணா, இன்னைக்கு இன்னா கொழம்பு?"

நான் திடுக்கிட்டு விட்டேன். கையிலிருந்த இறால் நழுவிவிட்டது. ஏரி நடுவில் ஒரு பெண்ணின் குரலை அந்த நேரத்தில் நான் கேட்டதே இல்லை. பிறகு சிரித்தேன், அவரும் சிரித்தார். சுற்றிலும் பறியைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். ஒருத்தியால் சிரிப்பை அடக்க முடியவில்லை, பறி வாயிலிருந்து விழுந்து அவள் இறாலெல்லாம் ஓடிவிட்டது. மறுநாள் பட்டறைக்கு வந்த முதல் ஆள் அவள்தான்.

இந்தச் சட்டிக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். புதுத் தகரம் பளபளத்ததால் கடற்காகங்கள் இறங்கிச் சட்டியிலேயே கைவைத்தன. படகுக்குப் பூசும் கறுப்பைப் பூசிச் சரிசெய்தோம். உப்புத் தண்ணீர் தகரத்தைத் தின்னும், அவ்வப்போது ஒட்டுப்போட வேண்டும். இன்னொரு குறையை நம் தலைவர்தான் கண்டுபிடித்தார். இந்தப் பெண்கள் போடுகிற சத்தத்தில் இறாலெல்லாம் ஆந்திராப் பக்கம் ஓடிவிடும் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னார். ஜேம்ஸ் அண்ணே, சிரிக்காதீர்கள், நீங்கள்தான் சொன்னீர்கள். அடுத்த மாதம் அண்ணியாரே எங்களிடம் ஒரு சட்டி வாங்கியதையும் சொல்லிவிடுகிறேன். எலிசா சட்டி என்று அதற்குப் பெயர் வைத்தது சங்கம் இல்லை, நான் இல்லை. ஏரிதான் வைத்தது.

ஜெஸ்ஸி அதைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். தாடை மெல்ல மெல்ல இளகியது. அடுத்து வந்த கிறிஸ்துமஸில் அதே குழுவில், அதே இடத்தில் நின்றாள். பாட்டு மேலே ஏறும் இடம் வந்தது. எலிசபெத் என் கையைப் பிடித்துக்கொண்டார், சுத்தியல் பிடித்துக் காய்த்த கை, எனக்கு வலித்தது. ஜெஸ்ஸி வாயைத் திறந்தாள். கோயில் கூரையில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. எலிசபெத் அழவில்லை. என் காதில் பெருமையடித்தார். "என் பொண்ணா பாடுறா? என் தகரம் பாடுதுடி."

பாட்டில் மேலே ஏறும் அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் அத்தனை வளையங்களை உடைத்தார். அது கிடைத்தது. அதற்குப் பிறகு அவருக்கு எந்தக் குறையும் இருந்து நான் பார்க்கவில்லை. பட்டறையில் ஒரு மூலை பெண்களுக்கென்றே ஆனது. போன செவ்வாய்க்கிழமையும் அங்கேதான் ஒரு வளையம் தட்டிக்கொண்டிருந்தார். வெளிப்பக்கம் முடிந்துவிட்டது. உட்பக்க மடிப்புகள் பாதி அடங்கி, பாதி அப்படியே நிற்கின்றன. நேற்று போய்த் தடவிப் பார்த்தேன்.

எனவே இந்த அவையில் உறுதி சொல்கிறேன். அந்த மிச்ச மடிப்பை நான் தட்டி முடிப்பேன். எலிசபெத் அளவுக்கு வராது, விரிசல் விட்டால் இன்னொன்று எடுப்பேன். ரங்கன் அடித்த ஆணி அங்கேயே இருக்கும். ஏரியைச் சுற்றி இன்னும் பறியைக் கடித்துக்கொண்டு இறங்குகிற சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்கள் தீவுகளுக்கு நாங்களே சுத்தியலோடும் மணல் மூட்டையோடும் போவோம். நம் ஊரில் எந்தப் பெண் முதன்முதலாக ஏரியில் இறங்கினாலும், அவள் இடுப்பில் சட்டி இருக்கும், வாயில் பறி இருக்காது. இது பசியாவரம் பெண்கள் சங்கத்தின் வாக்கு!

முடிக்கப் போகிறேன். என் பேச்சு முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்த வேண்டும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். தலைவர் அவர்களே, உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள முடியாது. எலிசபெத்துக்கா மௌன அஞ்சலி? எங்கள் வாயைத் திறந்துவிட்டவருக்கு நாங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பதா? வேண்டாம். எழுந்து நில்லுங்கள், ஆனால் பேசுங்கள். ஏரியில் அவரிடம் என்ன பேசுவீர்களோ, அதையே அந்தப் படத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள், ஜேம்ஸ் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டாலும் பரவாயில்லை. அதன்பிறகு ஜெஸ்ஸி பாடட்டும்.

முதலில் நான் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் நாள் கேட்ட கேள்வியை அவர் ஒரு நாள் விடாமல் தண்ணீரில் இறங்கியதும் கேட்பார். இந்த வாரம் நான் இறங்கியபோது கேட்க ஆள் இல்லை. இருந்தாலும் பதில் என்னிடம் இருக்கிறது.

எலிசா, இன்னைக்கு மடவைக் கொழம்பு. புளி கொஞ்சம் தூக்கலாப் பூட்ச்சி.